பின்கதவு ரிப்பேரில் உள்ளது

பொன்முடி
1939 ஜூன் 5

பாகீரதி அக்காவுக்கு ஸ்ரீகண்டன் நமஸ்காரம். இங்கே நான் சுகம். என்னை நம்பி வாழும் அட்டைகளும் சுகம். உன் கண் உறுத்தல் எப்படி இருக்கிறது, அத்திம்பேரின் இடுப்பு வலி எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது, சுப்புலக்ஷ்மி புக்ககத்தில் எப்படி இருக்கிறாள் என்று விவரமாக எழுதவும்.

கல்யாணப் பெண்ணின் மாமாவான நான் நலங்கு நாளன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது சம்பந்திகளுக்கு எப்படிப் பட்டதோ. மராமத்து இலாகா என்னை மூன்று வருஷமாகத் திருவனந்தபுரம் நகரசபைக்கு இரவல் கொடுத்திருந்தது. இரவல் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்கும்போது நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை. மழைக்கு முன் மலை ரோட்டுக்குக் கரை கட்ட வேண்டும் என்று உத்தரவு. நான் வந்து சேர்ந்த அன்று மழையும் வந்து சேர்ந்தது.

ஒரு சின்ன விஷயம். உங்கள் கொல்லைச் சந்தில், நகரசபையின் கீழ்ச்சம்பளக்காரர்கள் குடியிருக்கும் முனிசிபல் மாடிக்கு ஒரு பின்கதவு இருக்கிறதல்லவா? கல்யாணத்துக்காக அதன் குறுக்கே நான் அடித்த பலகை அப்படியே இருக்கிறது. சந்தில் சமையல் கொட்டகை போட்டிருக்கும்போது அந்த மனிதர்கள் குழாய்க்குப் போகிறேன் என்று குடத்தோடு மடிச் சமையலின் நடுவே வந்து நிற்பார்களே என்று நீ சொன்னாய். நானும் ஆணியை எடுத்தேன். நகரசபைக் கட்டடத்தில் காரணமில்லாமல் ஆணி அடிக்கக் கூடாது என்பதால், ‘ரிப்பேரில் உள்ளது’ என்று ஒரு தகர போர்டையும் மாட்டினேன். நாலு நாளுக்கென்று செய்தது. பிடுங்குவதற்குள் மாற்றல் வந்துவிட்டது. என் இடத்துக்கு வந்திருக்கும் பஞ்சாபகேசனிடம் சௌகரியம்போல் ஒரு வார்த்தை சொல்லிவிடு. அவசரம் ஒன்றுமில்லை.

அன்புள்ள தம்பி,
ஸ்ரீகண்டன்


திருவனந்தபுரம்
ஆனி 3

சிரஞ்சீவி ஸ்ரீகண்டனுக்கு அக்கா பாகீரதி ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்திம்பேருக்கு இடுப்பு வலி விட்டு இப்போது தோள். சுப்புவுக்கு அங்கே கிணற்று நீர் ஒத்துக்கொள்ளவில்லையாம்; மற்றபடி குறை இல்லை. அட்டைக்குச் சுண்ணாம்பும் புகையிலையும் குழைத்துக் காலில் தடவிக்கொள்.

பஞ்சாபகேசனை வீட்டுக்கு அழைத்துக் காப்பி கொடுத்தேன். நல்ல பிள்ளை. கதவைப் பார்த்துவிட்டு வந்து, “மாமி, போர்டு மாட்டினவர்தான் கழட்டணும். நான் கழட்டினா நான் ரிப்பேர் பண்ணினதா ஆயிடும். என்ன ரிப்பேர் பண்ணினேன்னு கேட்டா நான் என்ன சொல்றது? ‘ரிப்பேர் முடிந்தது’ன்னு உங்க தம்பியை ஒரு வரி எழுதிப் போடச் சொல்லுங்கோ” என்றார்.

ஆளை விட்டுப் பலகையைப் பிடுங்கச் சொல்லலாமா என்று அத்திம்பேரைக் கேட்டேன். “சர்க்கார் போர்டைத் தொட்டா கேஸாகும். அதுவும் தவிர, இந்த ஒரு மாசமா சந்து எத்தனை நிசப்தமா இருக்கு, கவனிச்சியோ?” என்றார். கவனித்தேன். தெருவில் எல்லோரும் கவனித்திருக்கிறார்கள். முன்பெல்லாம் விடிந்தால் குழாயடியில் குடங்கள் மோதும். இப்போது அவர்கள் முன்மாடிப் படியிறங்கி, தெருவைச் சுற்றிச் சந்துக்கு வந்து, தண்ணீர் பிடித்துக்கொண்டு மறுபடி சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. அவ்வளவு தூரம் நடப்பவர்களுக்குச் சண்டை போட மூச்சு இருப்பதில்லை.

அம்மை குத்தும் தாசையன் மாடியில் கடைசி அறையில் இருக்கிறாரே, அவர் மனைவி ரத்னாபாய் நேற்று என்னைக் கேட்டாள்: “யம்மா, அந்தக் கதவு எப்பம் தொறப்பாவ?”

ரிப்பேர் ஆகிறது என்றேன். எனக்கும் சுலபமாகத்தான் வந்தது.

ஆகையால் நிதானமாக எழுது. அவசரம் இல்லை.

அக்கா


பொன்முடி
1939 ஜூலை 1

அக்காவுக்கு நமஸ்காரம். உன் வைத்தியத்தால் அட்டைகள் புகையிலைக்குப் பழகிவிட்டன. எனக்கு லேசான ஜலதோஷம் தவிர வேறொன்றுமில்லை. எல்லோர் சௌக்கியத்துக்கும் எழுதவும்.

நீ கேட்ட ஒரு வரியைப் பற்றி நிரம்ப யோசித்தேன். இங்கே யோசிக்க நேரம் இருக்கிறது. கரை கட்டக் கல் இல்லை. ‘ரிப்பேர் முடிந்தது’ என்று நான் எழுதினால், எந்த ஆசாரி செய்தான், எத்தனை அடி மரம் வாங்கினாய் என்று கேட்பார்கள். ‘ரிப்பேரே இல்லை’ என்று எழுதினால், பின் எதற்கு போர்டு என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்று உண்டு. ஆனால் மகாராஜா கோயிலையே எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகு அந்தப் பதிலைக் காகிதத்தில் எழுத முடியாது. இப்போதெல்லாம் தெருவில் யாரும் தீட்டு என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. ரிப்பேர் என்றுதான் சொல்கிறோம்.

எனவே எனக்குத் தோன்றும் ஒழுங்கான வழி, அந்தக் கதவு உண்மையாகவே பழுதாகும்வரை காத்திருப்பதுதான். இந்த மழைக்குக் கீல் துருப்பிடிக்காமல் இருக்காது. துருப்பிடித்த பிறகு முறைப்படி எஸ்டிமேட் போட்டு, முறைப்படி சரிசெய்து, முறைப்படி போர்டைக் கழற்றலாம். யாருக்கும் மனஸ்தாபம் இராது.

அத்திம்பேரும் இதையே சொல்வார் என்று நினைக்கிறேன். அவருக்கு என் நமஸ்காரம்.

ஸ்ரீகண்டன்


திருவனந்தபுரம்
ஆடி 7

சிரஞ்சீவி ஸ்ரீகண்டனுக்கு ஆசீர்வாதம். இங்கே சுகம். உன் ஜலதோஷம் தேவலையா? மலையடிவாரத்துக் கல்லாறு கடைக்குச் சரக்கு ஏற்றிப்போகும் லாரிக்காரரிடம் ஒரு ஜாடி நார்த்தங்காய் கொடுத்தனுப்புகிறேன். அஞ்சலை நம்பாமல் இந்தக் கடிதத்தையும் ஜாடியின் வாயைக் கட்டிய துணிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

அத்திம்பேருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கீல் துருப்பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த வரியை எழுதிவிடு.

ரத்னாபாய்க்கு ஏழாம் மாசம். நேற்றுக் குடத்தைத் தெருமுனையில் இறக்கி வைத்துவிட்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. உட்காரச் சொன்னேன். சுவரைப் பிடித்தபடி சிரிக்கிறாள். “எங்க சபையில அந்தக் கதவுக்காவ ஜெபம் பண்ணிப் பாத்தாச்சு, தொறக்கல்ல. இனி நீங்க உங்க சாமிகிட்டச் சொல்லிப் பாருங்க யம்மா, உங்க தெருவுலதானே இருக்காரு” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. மின்சாரம் வராத தெருக்களின் விளக்குக்காக நகரசபை வாங்கும் மண்ணெண்ணெய் டின்களை, மழை என்று அந்த வீட்டின் முன்மாடிப் படிக்கு அடியில் அடுக்கியிருக்கிறார்கள். மரப்படி. தாசையன் இரண்டு முறை நகரசபைக்குப் போய்ச் சொன்னாராம். ‘கவனிக்கப்படும்’ என்று பதில். பஞ்சாபகேசனைக் கேட்டேன். “ரெண்டு படி இருக்கறதுனாலதானே மாமி ஒரு படிக்கடியிலே வைக்கலாம்னு ரூல் இருக்கு!” என்கிறார். பின்படி ரிப்பேர் ஆயிற்றே என்றால், “அது தற்காலிகம்” என்கிறார்.

உன்னைக் கேட்பார்களே என்று பயப்படாதே. நான்தான் அடிக்கச் சொன்னேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள். பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

அக்கா


திருவனந்தபுரம்
ஆவணி 10

ஸ்ரீகண்டனுக்கு ஆசீர்வாதம். நாங்கள் சௌக்கியம். உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை.

முந்தாநாள் மாமனாரின் திவசம். முற்பகலில் முனிசிபல் மாடியின் முன்படிக்கு அடியில் தீப்பிடித்தது. அடுப்புக் கரி தெறித்தது என்கிறார்கள், பீடி என்கிறார்கள். மேலே இருந்தவர்கள் எல்லோரும் பின்படி வழியாக இறங்கிக் கதவுக்கு வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். கதவு திறக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்களை நெருக்கியிருக்கிறார்கள். தாசையன் விறகு பிளக்கும் கோடாலியை எடுத்து வந்து உள்ளிருந்து பிளந்தார். எல்லோரும் வெளியே வந்தார்கள்.

ரத்னாபாய் எல்லோருக்கும் முன்னால் கதவோடு கதவாக இருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் மட்டும் பிழைத்தாள். எட்டாம் மாசம். பெண் குழந்தை என்றார்கள்.

நான் திவசச் சமையலில் இருந்தேன். சந்துக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா


பொன்முடி
1939 செப்டம்பர் 9

அக்காவுக்கு நமஸ்காரம். உன் கடிதம் பார்த்து மனம் மிகவும் சங்கடப்பட்டது. நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது; ஆனாலும் சுகம்தான்.

ஆடி முழுவதும் இங்கே பேய்மழை. ரோடு இரண்டு இடத்தில் சரிந்தது. அஞ்சல்காரர் கல்லாறோடு நின்றுவிடுகிறார். நீ ஆடியில் ஏதாவது எழுதியிருந்தால் அது என்னிடம் வந்து சேரவில்லை. வந்திருந்தால் உடனே ஆவன செய்திருப்பேன் என்பது உனக்குத் தெரியும். எது எப்போது நடக்க வேண்டும் என்பது நம் கையில் இல்லை. ஐரோப்பாவில் சண்டை தொடங்கிவிட்டதாக எஸ்டேட் துரையின் ரேடியோவில் சொன்னார்களாம். அவ்வளவு பெரிய மனிதர்களாலேயே தடுக்க முடியாதபோது நாமெல்லாம் எம்மாத்திரம்?

அந்தப் பெண்ணின் உடம்பு இப்போது தேவலையா? கமிஷன், கமிட்டி என்று ஏதாவது வைத்திருக்கிறார்களா? போர்டு தீயில் எரிந்துவிட்டதா, அல்லது இருக்கிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

குளிருக்கு நார்த்தங்காய் மிகவும் இதமாக இருக்கிறது. அத்திம்பேருக்கு நமஸ்காரம்.

ஸ்ரீகண்டன்


திருவனந்தபுரம்
ஆவணி 31

ஸ்ரீகண்டனுக்கு ஆசீர்வாதம். இங்கே சௌக்கியத்துக்குக் குறைவில்லை.

நார்த்தங்காய் இதமாக இருப்பது பற்றிச் சந்தோஷம். கடிதம் ஜாடியின் வாயைக் கட்டிய துணிக்குள் இருந்தது. துணியை அவிழ்க்காமல் நார்த்தங்காய் எடுக்க மராமத்து இலாகாவில் சொல்லிக்கொடுக்கிறார்களா? இதற்கு மேல் இதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நீயும் எழுத வேண்டாம்.

நீ கேட்ட போர்டு எரியவில்லை. கமிட்டி வைத்திருக்கிறார்கள். பிளந்த கதவையும் போர்டையும் நகரசபை ஆபீஸில் சுவரோடு சாத்தி வைத்திருக்கிறார்களாம். குற்றவாளியையும் கண்டுபிடித்தாயிற்று. தாசையன். ரிப்பேரில் இருந்த நகரசபைக் கதவை அனுமதி இல்லாமல் உடைத்தது அவர் குற்றம். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஐப்பசி முடிவதற்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு.

“ரிப்பேர்னு எழுதியிருக்கறதை வாசிச்சுட்டுத்தானே வெட்டினான்?” என்று பஞ்சாபகேசன் என்னிடமே கேட்கிறார். போர்டு வெளிப்பக்கம் அல்லவா தொங்கியது, அவர் உள்ளே இருந்தல்லவா வெட்டினார் என்றேன். “அது பாயிண்ட்தான் மாமி, ஆனா அது அவன் சொல்ல வேண்டிய பாயிண்ட்” என்கிறார்.

ரத்னாபாய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். முன்படியின் கருகிய பலகைகளை மாற்றிவிட்டார்கள். அந்த வழியாக இறங்கி, தெருவைச் சுற்றிக் குழாய்க்கு வருகிறாள். பின்பக்கம் இப்போது கதவே இல்லை, வெறும் வாசல்தான். அந்த வழியாக வருவதில்லை. என்னோடு பேசுவதில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள்.

அவர்களுக்கு ஊர் மார்த்தாண்டத்துக்கு அப்பால். அங்கே நிலமோ வீடோ இல்லையாம். வேலை போனால் போக இடமில்லை. இப்போது நீ எழுத வேண்டியது ஒரு வரி அல்ல. என்ன நடந்ததோ, அதை எழுது.

அக்கா


பொன்முடி
1939 செப்டம்பர் 29

அக்காவுக்கு நமஸ்காரம். நீ எழுத வேண்டாம் என்றதை நான் எழுதவில்லை. அந்தத் துணியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

நேற்று நகரசபைக்கு என் வாக்குமூலத்தை அனுப்பிவிட்டேன். கதவில் எந்தப் பழுதும் இல்லை, கீல், தாழ்ப்பாள், சட்டம் யாவும் நல்ல நிலையில் இருந்தன, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணச் சமையலுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று நானே பலகை அடித்தேன், போர்டு பொய், தாசையன் பொறுப்பல்ல. அரைப் பக்கம்கூட வரவில்லை. இதை எழுத நாலு மாதம் ஆயிற்று. இந்த இலாகாவில் சில மதகுகள் அதைவிடச் சீக்கிரம் கட்டப்பட்டிருக்கின்றன.

உன் பெயரை எழுதவில்லை. நீ கேட்டாய், நான் செய்தேன் என்று ஒரு வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். நீ கேட்டது கல்யாணத்துக்கு. அதன் பிறகு அது அங்கே கிடந்ததற்குக் காரணம் நான். அன்று நீ திவசச் சமையலில் இருந்தாய். இதில் உன் பங்கு ஒன்றும் இல்லை. அந்த ஒரு ஆறுதலையாவது எனக்குக் கொடு.

எனக்கு ஜுரம் இல்லை, இருமல் இல்லை. தூக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு.

ஸ்ரீகண்டன்


திருவனந்தபுரம்
புரட்டாசி 24

ஸ்ரீகண்டனுக்கு ஆசீர்வாதம். தூக்கத்துக்குப் பாலில் கசகசா அரைத்துக் குடி.

உன் வாக்குமூலம் வந்து சேர்ந்தது. கமிட்டி அதைப் படித்தார்கள். அதன் பலனைப் பஞ்சாபகேசன் வந்து சொன்னார். இதுவரை தாசையன் மீது பழுதான கதவை உடைத்ததாகக் குற்றம். இப்போது நல்ல கதவை உடைத்ததாகக் குற்றம். “முன்னே பழைய கதவுன்னு கொஞ்சம் தள்ளுபடி கிடைச்சிருக்கும் மாமி. உங்க தம்பி கீல்கூட நன்னா இருந்ததுன்னு எழுதிட்டார்” என்றார். பரிகாசம் செய்யவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

நீ ஆறுதல் கேட்டிருக்கிறாய். என்னால் தர முடியாது.

நான் சமையலறையில் இல்லை. சந்தில்தான் இருந்தேன். புகை வாசனை வந்ததுமே கொல்லைக்கு வந்தேன். தேங்காய் உரிக்கும் பாரையைப் பிடுங்கிக்கொண்டு சந்துக்கும் வந்துவிட்டேன். பலகை வெளிப்பக்கம். பாரையை நுழைத்து நெம்பினால் போதும். உள்ளே கையால் தட்டும் சத்தம் என் முகத்துக்கு நேரே கேட்டது. நான் மடியாக இருந்தேன். வடை மாவு அரைத்தாகிவிட்டது. உள்ளே பிராமணர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கதவைத் தொட்டால் ஸ்நானம் செய்து எல்லாவற்றையும் மறுபடி சமைக்க வேண்டும். அதனால் நான் நெம்பவில்லை. “பிச்சம்மா! பிச்சம்மா!” என்று வேலைக்காரியைக் கூப்பிட்டேன். அவள் சாலைக்கடைக்கு வாழையிலை வாங்கப் போயிருந்தாள். போயிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நான்தான் அனுப்பினேன். இருந்தும் கூப்பிட்டுக்கொண்டே நின்றேன். பாரையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று.

நெடுநேரம் இல்லை. பால் பொங்குகிற நேரம். அதற்குள் உள்ளிருந்து கோடாலி விழ ஆரம்பித்தது. நான் உள்ளே போய்விட்டேன்.

மடி கெடவில்லை. பிராமணர்கள் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வெளியே வந்தபோது ரத்னாபாய் என்னைப் பார்த்தாளா என்று தெரியாது. ஆனால் நான் கூப்பிட்டது உள்ளே கேட்டிருக்கும். பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு நான் அங்கே நின்றது தெரியும்.

நாளை கமிட்டி மறுபடி கூடுகிறது. நான் போகப் போகிறேன். அத்திம்பேரிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்கா


பொன்முடி
1939 அக்டோபர் 18

அக்காவுக்கு நமஸ்காரம்.

உன் கடிதம் நேற்று வந்தது. உன்னைத் தேற்ற ஒரு வாக்கியம் எழுதினேன். அது நன்றாக அமைந்துவிட்டது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

கமிட்டிக்குப் போகாதே, அத்திம்பேர் தெருவில் தலைகாட்ட வேண்டும் என்று எழுதத்தான் முதலில் கை போயிற்று. உன் கடிதம் எனக்குக் கிடைப்பதற்கு முன்பே நீ போய் வந்திருப்பாய். அஞ்சலின் தாமதத்துக்கு என் வாழ்நாளில் முதல் தடவையாக நன்றி சொல்கிறேன்.

எனக்கும் மெமோ வந்தது. பழுதில்லாத கதவைப் பழுதானதாகக் காட்டியது ஏன் என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுத மெமோவில் இடம் விடவில்லை. ஓரத்தில் எழுதி அனுப்பினேன். தண்டனையாக இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே இருக்க வேண்டுமாம். லாபம் அட்டைகளுக்கு.

என்ன நடந்தது என்று எழுது. சாப்பிடு.

ஸ்ரீகண்டன்


திருவனந்தபுரம்
கார்த்திகை 12

சிரஞ்சீவி ஸ்ரீகண்டனுக்கு ஆசீர்வாதம். நான் சாப்பிடுகிறேன். நீ கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. பதில் தாமதித்ததற்குக் காரணம் அஞ்சல் அல்ல.

பிச்சம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கமிட்டிக்குப் போனேன். நகரசபை ஆபீஸில் எனக்கு நாற்காலி போடுவதா வேண்டாமா என்று அவர்கள் தீர்மானிப்பதற்குள் நான் நின்றுகொண்டே பேசிவிட்டேன்.

“அம்மைக்கு இதில் எந்தா காரியம்?” என்று நடுவில் இருந்தவர் மலையாளத்தில் கேட்டார்.

“பலகை எங்க வீட்டுக் கல்யாணத்துக்காக அடிச்சது. அடிக்கச் சொன்னது நான். வெளியிலேர்ந்து அடிச்சிருக்கு. உள்ளே இருக்கறவன் எப்படிக் கழட்டுவான்? அன்னிக்கு நான் பாரையோட வெளியிலே நின்னேன். நான் எடுக்கலை. அதனாலே அவன் வெட்டினான். எழுதிக்கோங்கோ.”

குமாஸ்தா பேனாவைத் தூக்கிக்கொண்டு நடுவில் இருந்தவரைப் பார்த்தார். “அதொந்நும் எழுதண்டா” என்றார் அவர். ஒரு மூலையில் தாசையன் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதவில்லை என்றாலும் காதில் விழுந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது. தாசையனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அறையும் உண்டு. எச்சரிக்கையும் உண்டு: இனி இத்தகைய சந்தர்ப்பங்களில் கதவை உடைக்குமுன் ஆபீஸுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மண்ணெண்ணெய் டின்களை வேறு இடத்துக்கு மாற்றுவது கவனிக்கப்படும்.

வீட்டில் அத்திம்பேர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. தெருவில் சிலர் இன்னும் பேசவில்லை. அதனால் கொல்லை நிசப்தமாக இருக்கிறது.

வெறும் வாசல் திறந்து கிடப்பதைப் பற்றித் தெருக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். திருடர் பயம் என்று எழுதினார்களாம். நகரசபை பத்தே நாளில் புதுக் கதவு போட்டுவிட்டது. உனக்கு நம்பிக்கை வராது, எனக்கும் வரவில்லை. கதவுக்கு வெளிப்பக்கம் பெரிய பூட்டு. ஆபத்துக் காலத்தில் உடனே திறப்பதற்காகச் சாவியைச் சந்தில் உள்ள பொறுப்பான ஒரு வீட்டில் ஒப்படைப்பது என்று தீர்மானம். பஞ்சாபகேசன் கொண்டுவந்து அத்திம்பேர் கையில் கொடுத்தார். ஆம், நம் வீட்டில்தான். அத்திம்பேர் அதைப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார். அன்று எனக்குக் கை வேலை ஓடவில்லை. அடுப்பைப் பார்த்தாலும் சாவிதான் தெரிந்தது.

மறுநாள் அத்திம்பேர் ஆபீஸுக்குப் போனதும் சாவியை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனேன். அன்று ஏகாதசி, மடியாகத்தான் இருந்தேன். பூட்டைத் திறந்து கழற்றினேன். பூட்டையும் சாவியையும் சேர்த்துக் கிணற்றில் போட்டேன். பிறகு குளித்தேனா என்று நீ கேட்க மாட்டாய்.

புதுப் பூட்டுக்கு எஸ்டிமேட் போயிருக்கிறது. “தை மாசத்துக்குள்ளே வந்துடும் மாமி” என்று பஞ்சாபகேசன் சொன்னார். எந்த வருஷத்துத் தை என்று நான் கேட்கவில்லை. அதுவும் வந்தால் கிணறு இருக்கிறது.

இதை எழுதினால் நீ கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவாய் என்று நினைத்தேன். ஆனால் மீதியையும் எழுத வேண்டும்.

கதவைத் திறந்து வைத்த அன்று ரத்னாபாய் குடத்தோடு குழாய்க்கு வந்தாள். நான் போய், “கதவு திறந்திருக்கு, இனிமே பூட்ட மாட்டா. இந்த வழியா ஏறிப் போம்மா” என்றேன். குடத்தைத் தூக்கிவிடக் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள்.

“இருக்கட்டும் யம்மா” என்றாள்.

மற்றவர்கள் எல்லோரும் இப்போது பின்வழியாகத்தான் வந்து போகிறார்கள். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தெருவைச் சுற்றி முன்பக்கமாகப் போனாள். இன்று காலையிலும் அப்படித்தான் போனாள். தெருமுனை திரும்பும்வரை நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா